எடை மாறாத குழந்தை

முகத்துறைப் பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சி மாணவர்கள் குடும்பத்தோடு தங்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்த மஞ்சள் குடியிருப்பின் கீழ்வீட்டில், சுடர்விழிக்கும் இளம்பரிதிக்கும் பிறந்த முகில் என்கிற பெண் குழந்தை, தன்னுடைய பதினோராம் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை வளர்வதை நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் பாதி வெளியே வந்திருந்தது. மீதிப் பாதி ஈறுக்குள் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒரு காலைத் தூக்குவாள், அப்புறம் என்ன நினைப்பாளோ, பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். தூக்கிய அந்தக் கால் ஒரு எட்டாகத் தரையில் விழுவதற்கு ஆறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சுடர்விழி கழிமுகத்து நண்டுகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நண்டு எப்போது ஓட்டை உரித்துப்போடுகிறது, உரித்த பிறகு எவ்வளவு நேரம் மெத்தென்று கிடக்கிறது, எவ்வளவு வளர்ந்தபின் அடுத்த ஓடு இறுகுகிறது என்பதுதான் அவள் பாடு. அன்று நீர் வற்றியிருக்கும்போதே சேற்றில் இறங்கியாக வேண்டும், படகுக்காரர் காத்திருக்கிறார், கைடு போன் மேல் போன் போடுகிறார், குழந்தையோ சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அவள் குனிந்து அதன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "என் தங்கமில்ல, அப்படியே இரு கண்ணு, அம்மா இத முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்" என்றாள். உலகத்தில் எந்த அம்மாதான் இதைச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையும் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதால்தான் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. முகில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிற வீட்டுக்குக் காலம் எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். உதவித்தொகை தாமதம், ஆய்வகத்துக்குக் கேட்ட மருந்துகள் தாமதம், ராகுகாலம் எமகண்டம் பார்த்தே பேனாவைத் திறக்கிற கைடு தணிகாசலத்தின் கையெழுத்து எல்லாவற்றையும்விடத் தாமதம், அந்த வரிசையில் குழந்தையும் தாமதம் என்று இருந்துவிட்டார்கள். முதல் பிறந்தநாளுக்கு எடுத்த பட்டுப்பாவாடை மூன்றாம் பிறந்தநாளுக்கும் கச்சிதமாகப் பொருந்தியபோதுதான் இளம்பரிதி, "சுடர், இவ நீ சொன்னதக் கேட்டுட்டாடி" என்றான். ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்குத்தான் ரத்தம் குறைவு என்று சொல்லி, சுடர்விழிக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

குடியிருப்பு அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. சொட்டு மருந்து போட வந்த நர்ஸ், ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் போடலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு "மருந்து ஒடம்புக்குத்தான, வயசுக்கா" என்று போட்டுவிட்டுச் சுண்டுவிரலில் மை வைத்துவிட்டுப் போனாள். முகிலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவளைத் தாண்டி வளர்ந்தன. தாண்டும்போது தங்களுக்குச் சிறுத்த சட்டைகளை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாண்டின. புதுமனை புகுவிழாவா, சீமந்தமா, மடியில் வைத்து ஆசீர்வாதம் வாங்க ஒரு குழந்தை வேண்டுமா, கீழ்வீட்டு முகிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கைக்குழந்தை எப்போதும் தயாராக இருக்கிற குடியிருப்பு வேறு எங்கே கிடைக்கும். மாடிவீட்டில் இருந்த பொருளாதார மாணவன் ஒருவன் மட்டும், இந்த வித்தை பெரியவர்களிடமும் பலிக்கும் என்று நம்பி, சீக்காய்க் கிடந்த தன் அப்பாவுக்குப் போன் போட்டு, "நான் முடிச்சிட்டு வர்ற வரைக்கும் அப்படியே இருங்கப்பா" என்று சொல்லிவைத்தான். அவர் இருக்கவில்லை. அவன் ஊருக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து முகிலைத் தூக்குவதை விட்டுவிட்டான், யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

எல்லோரையும்விட நன்றாகப் பழகிக்கொண்டவள் ஆற்றுமுகத்தில் மீன்கடை வைத்திருந்த பிலோமினா. சுடர்விழிக்கு ஆராய்ச்சி நண்டு கொடுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வியாபாரத்துக்கு முன்னால் குழந்தையை வாங்கித் தன் எலக்ட்ரானிக் தராசின் தட்டில் உட்காரவைப்பாள். ஏழே முக்கால் கிலோ என்று காட்டினால் தராசு சரி, கூடக் குறையக் காட்டினால் தட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம். "கவர்மெண்டு எடைக்கல்லு கூடத் தேஞ்சிரும், எங்க முகிலு தேயமாட்டா" என்று வாங்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். முகில் தட்டில் உட்கார்ந்து செதில்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கிற சுடர்விழி ஒவ்வொரு ஞாயிறும் எண்களைப் பார்த்துவிட்டு நண்டுக்கூடைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பதினோரு மாதக் குழந்தையை வளர்ப்பது என்ன அப்பேர்ப்பட்ட கஷ்டமா என்று கேட்பவர்கள் அதை ஒரே ஒரு மாதம் செய்தவர்கள். அதே பல் வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டிருந்தது, அதே பல்லுக்கு அதே அழுகை, அதே பேதி, அதே அலசிப்போட்ட துணி, அதே குழைத்த பருப்புசாதம், அதே துப்பல். எந்தப் பிள்ளையும் நாளைக்குச் சரியாகிவிடும் என்பதுதான் பெற்றவர்களைத் தூக்கி நிறுத்துகிறது. அந்த 'நாளைக்கு' இந்த வீட்டுக்கு வரவில்லை. பகலில் நண்டு, மாலையில் குழந்தை, நடுநடுவே தீசிஸ் என்று சுடர்விழி நின்றுகொண்டே தூங்கப் பழகினாள். தனியார் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இளம்பரிதி, தன் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குழந்தையை இடுப்பில் ஏற்றுவான். அவனுடைய சட்டைகள் எல்லாம் இடப்பக்கம் மட்டும் நைந்துபோயிருந்தன, அவனுக்கு இடுப்பும் அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிட்டது. இருவரும் சண்டை போட்டது குறைவு, பேசிக்கொண்டது அதைவிடக் குறைவு. "தீசிஸ் முடியட்டும்" என்று ஒருவர் சொல்வார், "ம்" என்று மற்றவர் சொல்வார்.

தீசிஸும் முடிந்தது. வாய்மொழித் தேர்வு நாளில் துறையே திரண்டு வந்தது, துறைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வந்தார்கள். அன்றைக்குக் குழந்தை வளர ஆரம்பிக்கும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. ஐந்தாறு வருடப் பாக்கியையும் ஒரே மூச்சில் வளர்ந்துவிடும் என்று ஒரு கட்சி, இல்லை, மெதுவாகத்தான் வளரும் என்று ஒரு கட்சி. முதல் கட்சியை நம்பி ஒருத்தி ஸ்கூல் யூனிஃபார்மே தைத்து எடுத்து வந்திருந்தாள். வெளியூர்ப் பேராசிரியர் நண்டின் கொடுக்கைப் பற்றி ஏதோ கேட்டார், சுடர்விழி ஏதோ சொன்னாள், கேள்வி கேட்டவர் முகிலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் நல்ல நேரம் பிறக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறந்ததும் எழுந்து, "இன்று முதல் முனைவர் சுடர்விழி" என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கியது. இளம்பரிதி குழந்தையைத் தரையில் நிற்கவைத்தான்.

சுடர்விழி முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த வார்த்தைதான். "முகிலு, அம்மா முடிச்சிட்டேன்டா. வா" என்றாள். முகில் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் தோளுக்கு மேல் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள், மண்டபமே மூச்சை இழுத்துப் பிடித்தது, பிறகு வழக்கம்போலப் பொத்தென்று உட்கார்ந்து கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். கேசரி ஆறிக்கொண்டிருந்தது, பஜ்ஜி நமத்துக்கொண்டிருந்தது, அவரவர்க்கு அவரவர் வேலை; சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு ஆரம்பிச்சுருவா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யூனிஃபார்ம் கொண்டுவந்தவள் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நாளைக்கும் ஆரம்பிக்கவில்லை. பட்டம் வாங்கியவர்களுக்குக் குடியிருப்பில் இடமில்லை என்பதால் அவர்கள் காலிசெய்துகொண்டு ஊருக்குள் மேட்டுத்தெருவில் வாடகைக்கு வந்தார்கள். படிப்பு முடிந்தால் வாழ்க்கை மாறும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அந்த அளவுக்கு அது உண்மைதான்; மேட்டுத்தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, சுடர்விழி இரண்டு பஸ் மாறி ஒரு கல்லூரிக்குத் தற்காலிக விரிவுரையாளராகப் போய்வந்தாள், முக்கியமாக, புதுத் தெருவில் யாருக்கும் முகிலைத் தெரியவில்லை. குடியிருப்பில் ஒருவரும் கேட்காத கேள்வியை இங்கே தெருக்குழாயடியிலேயே கேட்டார்கள். "கொழந்தைக்கு என்னா வயசு?" இளம்பரிதி முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தான், அது மறுகேள்விகளைக் கிளப்பியது, பிறகு "பதினோரு மாசம்" என்று சொல்ல ஆரம்பித்தான், அது அடுத்த மாதம் இன்னும் பெரிய கேள்விகளைக் கிளப்பியது. கடைசியில் தெருவும் பழகிக்கொண்டு, சாமி குடுத்தது என்று ஒரு பேரும் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. வீடு மட்டும் பழகவில்லை. இத்தனை வருடமும் தீசிஸ் முடியட்டும் என்று ஒரு கயிறு இருந்தது, இப்போது பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை.

தணிகாசலம் மட்டும் மாறவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தன்னிடம் படித்த பிள்ளைகளை ஒருபோதும் கைவிட மாட்டார், அதுதான் அவரிடம் கஷ்டம். "என்னம்மா, தீசிஸ்ல இருந்து இன்னும் ரெண்டு பேப்பர் வரணுமே" என்பார். பேப்பர் போனதும், "இந்தப் புதுப் பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கத்துக்குடுத்துடு" என்பார். ஒவ்வொன்றும் கடைசியானது, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கடைசியாக ஒன்று இருந்தது. சுடர்விழி பஸ்ஸில் எழுதினாள், அடுப்படியில் எழுதினாள், முகில் காலைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் "இத மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்டா" என்று, தான் சொல்கிறோம் என்பதே தெரியாமல், மூச்சுவிடுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் இளம்பரிதி முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குக் கோவமெல்லாம் இல்ல சுடர். கோவப்படவும் தெம்பு வேணும்ல. கை ஓஞ்சுபோச்சு, அவ்வளவுதான். இவ ஒருநாள் என்னை விட்டு ஓடணும், நான் பின்னாடியே கத்திக்கிட்டு ஓடணும். வேற ஒண்ணும் கேக்கல."

"நான் என்ன பண்ணட்டும் பரிதி. முடிச்சிட்டேன் முடிச்சிட்டேன்னு தெனமும் சொல்றேன்ல."

"சொல்றே" என்றான். தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனான்.

சித்திரை பிறந்த மறுநாள், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகளெல்லாம் கரையேறியிருந்த அன்று மத்தியானம், சுடர்விழி கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் கைடுக்காக ஒரு திட்ட வரைவு எழுதிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அது டெல்லிக்குப் போயாக வேண்டும், போய்விட்டால் மூன்று வருட ஆராய்ச்சி வேலை அவளுக்குத்தான், இரண்டு பஸ் மாற வேண்டாம், இளம்பரிதிகூடத் தன் ஆராய்ச்சியைத் தூசு தட்டி எடுக்கலாம். அவன் விடைத்தாள் திருத்தப் போயிருந்தான். முகில் சமையலறையிலிருந்து தவழ்ந்து வந்தாள், ஒரு கையில் ஒரு ஸ்பூனை இழுத்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். சுடர்விழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தாள்.

வார்த்தை இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் முகில் முழங்காலை விட்டுவிட்டாள். திரும்பித் தவழ்ந்துபோய், எதிர்ச் சுவரோரம், நிலைக்குப் பக்கத்தில், தரை கொஞ்சம் வழவழத்துக் கிடந்த ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஸ்பூனைப் பக்கத்தில் வைத்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்தாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஏக்கமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் வயதானவர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் இந்த வீட்டில் அவளுடைய இடம் என்பதே சுடர்விழிக்கு அப்போதுதான் தெரிந்தது. குடியிருப்பு வீட்டிலும் இப்படி ஒரு இடம் இருந்திருக்கும், அது எந்தச் சுவரோரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

எத்தனையோ நண்டுகளுக்கு எந்தக் கணத்தில் ஓடு விரிசல் விடும் என்று பார்த்துச் சொன்னவள், வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, அழுவதற்குக்கூடக் களைப்பாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது, அதற்கு வினைச்சொல்லே இன்னும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய், சுவரோரம் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். முகில் ஆச்சரியமாகப் பார்த்தாள், பிறகு மடிக்கணினி இருந்த திசையைப் பார்த்தாள்.

"இல்லடா," என்றாள் சுடர்விழி, "அம்மா முடிக்கல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அது முடியவே முடியாது கண்ணு, ஒண்ணு போனா ஒண்ணு வரும். அம்மாவுக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. அது அங்க அப்படியே இருக்கட்டும். நான் வந்துட்டேன்." போன் அடித்தது. அது அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. வெளியே வெயில் தெருவைக் காயப்போட்டிருந்தது, மின்விசிறி தடதடவென்று சுற்றியது, ஏழு வருடத்துத் தூக்கம் இத்தனை நாளும் வாசலுக்கு வெளியே நின்றதுபோல உள்ளே வந்து அவளை அமுக்கிவிட்டது.

சுள்ளென்று வலித்து விழித்தாள். அவளுடைய சுட்டுவிரல் முகிலின் வாய்க்குள் இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தால், இத்தனை வருடமும் ஈறு மட்டும் பதிந்த இடத்தில், அரிசிமணி அளவுக்கு ஒரு பல்தடம். குழந்தையின் உதட்டை மெதுவாகக் கீழே இழுத்துப் பார்த்தாள். பல் முழுசாக வெளியே வந்திருந்தது. சாயங்காலம் வீடு திரும்பிய இளம்பரிதியிடம் அவள் தன் விரலை மட்டும் நீட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

திட்டம் வேறொரு மாணவிக்குப் போனது. "பரவாயில்லம்மா" என்றார் தணிகாசலம். அதற்கப்புறம் அவர் போன் செய்யவில்லை, சுடர்விழி இரண்டு பஸ் மாறிப் போய்வந்துகொண்டிருந்தாள், அது அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மாலையில் அவள் வீட்டுக்கு வந்ததும் முகிலை வாங்கிக்கொள்வாள், இளம்பரிதி கையை உதறிக்கொண்டு டீ போடப் போவான். குழந்தை ஒரே மூச்சில் வளரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வளர்கிற அதே வேகத்தில், விட்ட இடத்திலிருந்து வளர்ந்தது. தாண்டிப்போன பிள்ளைகளை அவள் இனி எட்டிப்பிடிக்கப் போவதில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து இருவரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தடைக்காலம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுமுகத்துக்கு மூவரும் போனார்கள். இரண்டு மாதம் கடையைப் பூட்டிவைத்திருந்த பிலோமினா, "வாங்க டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கித் தட்டில் உட்காரவைத்தாள். எண்கள் ஓடி நின்றன. அவள் தராசைத் தட்டினாள். குழந்தையைத் தூக்கிவிட்டுத் தட்டைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி தட்டினாள்.

"போச்சு," என்றாள். "ரெண்டு மாசம் சும்மா கெடந்ததுல தராசு கெட்டுப்போச்சு. எட்டரை காட்டுது பாரு."

"தராசு சரியாத்தான் இருக்குக்கா" என்றாள் சுடர்விழி.

பிலோமினா எண்களைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், குழந்தை சிரித்தபோது வாயைப் பார்த்தாள். மீன்வாடைக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் எடைக்கல்லுதான் வாங்கணும்" என்றாள். பிறகு முகிலைத் தட்டிலிருந்து எடுத்து ஈரத் தரையில் நிற்கவைத்தாள்.

முகில் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். நண்டுக்கூடை நாலடி தள்ளி இருந்தது, மேலே ஒரு நண்டு கட்டு அவிழ்ந்து ஊர்ந்துகொண்டிருந்தது. தூக்கிய கால் தரையில் விழுந்தது, அடுத்த காலும் விழுந்தது, அவள் பலகையை விட்டுவிட்டுக் கூடையை நோக்கித் தடுமாறிக்கொண்டே ஓடினாள், இளம்பரிதி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "முகிலு, நில்லுடி, அங்கயே நில்லு" என்று கத்தினான். கத்திய பிறகுதான் தான் கத்தியது என்ன என்று அவனுக்கு உறைத்தது. திரும்பிச் சுடர்விழியைப் பார்த்தான், அவளும் அப்படியே உறைந்துபோய் நின்றாள்.

முகில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.